சவரக்கத்திச் சவரம்: நாற்காலியில் அமர்வதிலிருந்து மறுநாள் வரை

மடக்குக் கத்தியால் முகம் மழித்துக்கொள்ள முதன்முறையாகப் போகிறவர்கள் பெரும்பாலும் கத்தியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எவ்வளவு கூராக இருக்கும், வெட்டிவிடுமா, தொண்டைப் பக்கம் வரும்போது என்ன ஆகும் என்றெல்லாம் யோசிக்கிறார்கள். உண்மையில் காயப்படுத்துவது பெரும்பாலும் மழுங்கிய கத்திதான். நன்றாக ஊறிய முடியின் மேல், இழுத்துப் பிடித்த தோலில், கூரான கத்தி ஓடும்போது அது ஓடுவதே பல நேரங்களில் உறைக்காது. சவரம் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் கத்தி முகத்தைத் தொடுவதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகிறது. முடி ஊறியதா, நுரை குழைந்ததா, பிளேடு புதியதா, உங்கள் தோலைப் பற்றி நீங்கள் வாய் திறந்து சொன்னீர்களா என்பவை எல்லாம் அந்த நேரத்துக்குள் அடங்கியவை. அதனால்தான் இந்த வழிகாட்டி கத்திக்கு வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும்.

எந்தக் கத்தி?

முடிதிருத்தும் நிலையங்களில் இன்று இரண்டு வகைக் கத்திகள் புழங்குகின்றன. ஒன்று, முழுவதும் எஃகால் அடித்துச் செய்த பழைய மடக்குக் கத்தி. முதுகு தடித்திருக்கும், அங்கிருந்து வாய்ப்புறம் வரை இருபக்கமும் உட்குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் இவற்றுக்குப் பேர்போன ஊர்கள். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் எஃகை மூசையில் உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அப்படிக் கிடைத்த சீரான எஃகில் மெல்லிய கூரும் நிலைத்து நின்றது. இந்தக் கத்திக்கு ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல்வாரில் தீட்டலும், அவ்வப்போது சாணைக்கல்லும் வேண்டும்.

மற்றொன்று, அதே தோற்றத்தில் இருந்தாலும் வாய்ப்புறத்தில் பிளேடு செருகும் கத்தி. இருபுறக் கூருள்ள சாதாரண பிளேடைக் காகித உறையோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைச் செருகிப் பூட்டுவார்கள். சவரம் முடிந்ததும் அந்தப் பாதி குப்பைக்குப் போய்விடும்.

முகத்தில் இரண்டும் வேறுவேறாக உணர்த்தும். பழைய கத்திக்குக் கனம் உண்டு. தோலின் மேல் அது மென்மையாக அமர்ந்து போகும். பிளேடு செருகிய கத்தி லேசானது, கூர் அதிகம், கை கொஞ்சம் தவறினாலும் மன்னிக்காது. சுகம் என்று பார்த்தால் பழைய கத்திக்குத்தான் என் ஓட்டு. ஆனாலும் பழக்கமில்லாத கடையில் பிளேடு செருகும் கத்தியைத்தான் கேளுங்கள் என்பேன். அதற்கான காரணம் சுத்தம் பற்றிய பகுதியில் வருகிறது.

யார் தள்ளிப்போட வேண்டும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். முகத்தில் சீழ் வைத்த பருக்கள், ஆறாத புண், வெயிலில் சிவந்து எரியும் தோல், உதட்டோரம் அக்கிக் கொப்புளம் ஆகியவற்றில் எது இருந்தாலும் சவரம் காத்திருக்கட்டும். அக்கிக் கொப்புளத்தின் மேல் கத்தி போனால் வைரஸ் முகத்தின் மற்ற இடங்களுக்கும் பரவும். மரு, பாலுண்ணி ஆகியவையும் இப்படிப் பரவக்கூடியவையே.

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்களின் தோல் மெலிந்து, வறண்டு, எளிதில் உரியும் நிலையில் இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் கத்திச் சவரத்துக்குப் போகாதீர்கள். ட்ரெட்டினாயின் வகைக் களிம்பையோ, தோலுரிக்கும் அமிலங்கள் கலந்த கிரீமையோ முகத்தில் பூசுகிறவர்கள் அவற்றைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட்டுப் போவது நல்லது. வார்ஃபரின் போல இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சிறு கீறல்கூட வெகுநேரம் கசியும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காயம் ஆறத் தாமதமாகும். சிறு காயமும் தடித்த தழும்பாகிவிடும் உடல்வாகு சிலருக்கு உண்டு. இவர்கள் எல்லாரும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.

சுருட்டை முடிக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சுருண்டு வளரும் முடியை ஒட்ட மழித்தால், வெட்டுப்பட்ட நுனி வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். சவரத்துக்குச் சில நாட்கள் கழித்துக் கழுத்தில் வரும் புடைப்புகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இது கிருமியால் வருவதில்லை. மிக நெருக்கமாக மழிப்பதால் வருவது. இப்படித் தொல்லை ஏற்கெனவே இருப்பவர்கள் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். புடைப்பு அதிகமாக உள்ளவர்களுக்குக் கத்தியே ஒத்துவராமலும் போகலாம். அவர்களுக்கு அரை மில்லிமீட்டர் விட்டு வெட்டும் டிரிம்மர்தான் நல்லது.

போவதற்கு முன்

தாடி முடி ஒரு நாளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளர்கிறது. இரண்டு மூன்று நாள் வளர்ச்சி இருந்தால் கத்திக்குத் தோதாக இருக்கும். அதைவிடக் குறைவாக இருந்தால் பிடிமானம் இருக்காது, வளரும் திசையும் கண்ணுக்குத் தெரியாது. வாரக்கணக்கில் வளர்த்திருந்தால் முதலில் கத்தரியாலோ மெஷினாலோ குறைத்துவிட்டுத்தான் கத்தி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட முடி கத்தியில் சிக்கி இழுபடும்.

போகும் நாளுக்கு முந்தைய இரவு ஒரு காரியம் செய்யுங்கள். விரல் நுனிகளைக் கன்னத்தில் மேலிருந்து கீழாகத் தடவுங்கள், பிறகு கீழிருந்து மேலாக, அதன்பின் காதிலிருந்து மூக்கை நோக்கி. வழுவழுவென்று போகும் திசைதான் முடியின் வாட்டம்; சொரசொரவென்று தடுக்கும் திசை எதிர்வாட்டம். கன்னத்தில் பெரும்பாலும் வாட்டம் கீழ்நோக்கி இருக்கும். கழுத்துதான் சிக்கலான இடம். குரல்வளைக்கு இருபுறமும் முடி பக்கவாட்டில் சாய்ந்திருக்கலாம், மேல்நோக்கியும் வளரலாம், தாடை எலும்புக்குக் கீழே ஒரு சுழியே இருக்கலாம். இடக் கழுத்தும் வலக் கழுத்தும் ஒரே மாதிரி இருக்கும் என்ற உறுதியும் இல்லை. தேர்ந்த முடிதிருத்துநர் இதைத் தானே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். ஆனாலும் உங்கள் கழுத்தை உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரோடு பேசுவது எளிது.

அன்று காலை வீட்டில் மழிக்காதீர்கள். முகத்தைக் கழுவிவிட்டுப் போங்கள். வாசனைத் திரவியமோ எண்ணெயோ வேண்டாம். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கையில் இருக்கட்டும். அவசரமான நாளில் இந்தச் சவரத்துக்குப் போகவே கூடாது. நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டால் அவர் குறைக்கப்போவது முடி ஊறும் நேரத்தைத்தான்.

கடையில் எதைப் பார்ப்பது

வாசலில் நின்றபடி கூச்சப்படாமல் ஐந்து நிமிடம் கவனியுங்கள். அலங்கார விளக்கும் தோல் நாற்காலியும் எதையும் சொல்வதில்லை. உங்களுக்கு முன் அமர்ந்திருப்பவருக்கு என்ன நடக்கிறது என்பதுதான் சொல்லும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது பிளேடு. அது உங்கள் கண்ணெதிரில் காகித உறையிலிருந்து வர வேண்டும். 'ஏற்கெனவே மாற்றிவிட்டேன்' என்ற பதில் போதாது. இதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எல்லாச் சவரத்திலும் விழுகின்றன. இரத்தம் வழியே பரவும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்குப் பகிர்ந்துகொள்ளும் பிளேடு ஒரு வழி. அவற்றில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு தாக்குப்பிடிக்கக் கூடியது. அதற்குத் தடுப்பூசி உண்டு. அடிக்கடி கடையில் மழித்துக்கொள்பவர்கள் போட்டுக்கொள்வது நல்லது. ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது.

பழைய எஃகுக் கத்தியை நான் தள்ளி வைக்கச் சொன்னதும் இதனால்தான். பலருக்கும் அதே கத்தி போகிறது. கரிம எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் அதைக் கடுமையான முறைகளில் கிருமிநீக்கம் செய்வதும் எளிதல்ல. செய்ய முடியாது என்பதில்லை. முதலில் சோப்பு நீரில் கழுவி, பிறகு தரமான கிருமிநாசினியில் அதன் உறையில் குறிப்பிட்டுள்ள நேரம் முழுவதும் மூழ்க வைத்தெடுக்கும் கடைகள் உண்டு. அந்த நேரம்தான் முக்கியம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைப்பது கிருமிநீக்கம் ஆகாது. நீல விளக்கு எரியும் புற ஊதாப் பெட்டியும் அப்படியே. ஒளி நேராகப் படும் பரப்பில் மட்டும் அது வேலை செய்யும், அழுக்கின் அடியிலோ கீல் இடுக்கிலோ எட்டாது. சுத்தம் செய்த கருவியை எடுத்து வைக்க அது நல்ல இடம், சுத்தம் செய்வதற்கான இடம் அல்ல.

பிளேடைப் பார்த்துத் திருப்தி அடைந்தவர்களும் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது: படிகாரக் கல். எல்லாருடைய முகத்திலும் அதே கட்டியைத் தேய்த்தால், புதுப் பிளேடு போட்டதன் பயன் அங்கேயே போய்விடுகிறது. கீறலிலிருந்து வரும் இரத்தத்தின் மேல் நேராகத் தேய்க்கப்படும் பொருள் அது. படிகாரம் தூளாகவோ கரைசலாகவோ இருந்து, புதிய பஞ்சில் தொட்டு வைக்கப்பட வேண்டும். பவுடர் பூசும் பஃபுக்கும், ஈரத் துண்டுக்கும், கழுத்தைச் சுற்றிக் கட்டும் துணிக்கும் இதே கணக்குதான்.

பிரஷ்ஷையும் விட்டுவிட வேண்டாம். முதலாம் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாத குதிரைமயிர்ப் பிரஷ்கள் வழியே ராணுவ வீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் தொற்றியது. இன்று அந்த அபாயம் பெரிதாக இல்லை என்றாலும், முந்தையவரின் நுரை காய்ந்து ஒட்டியிருக்கும் பிரஷ் உங்கள் முகத்துக்கு வரக் கூடாது. சோப்பு நீரில் அலசி, கிருமிநாசினியில் முக்கி, உலர்த்தித் தொங்கவிட்ட பிரஷ்ஷாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் டியூப் கிரீமைக் கையாலேயே தடவச் சொல்லுங்கள். சவரம் ஒன்றும் கெட்டுவிடாது.

அவர் கைகழுவுகிறாரா என்பதையும் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் முடி மட்டும் வெட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

அமர்ந்ததும் பேச வேண்டியது

நாற்காலி சாய்ந்து, முகத்தில் துண்டு விழுந்துவிட்டால் பேச வாய்ப்பில்லை. அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கிருதா எங்கே முடிய வேண்டும், மீசை இருக்க வேண்டுமா, தாடையில் மச்சமோ தழும்போ இருக்கிறதா, எந்த இடத்தில் உங்களுக்குக் கொப்புளம் வரும், எந்த வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாது என்பவற்றைச் சொல்ல வேண்டும். சுருக்கமாகவே சொல்லலாம்: "அண்ணா, கழுத்தில் எனக்குச் சீக்கிரம் தடித்துவிடும். அங்கே வாட்டத்தோடு ஒரு சுற்று போதும், எதிர்வாட்டம் வேண்டாம். கன்னத்தில் உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்."

இதைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். தொழில் தெரிந்தவருக்கு இந்தத் தகவல் பெரிய உதவி. கேட்டதும் அவர் குனிந்து உங்கள் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தால், நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். இதுதான் முதல் முறை என்பதையும் சொல்லிவிடுங்கள்; அவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

இன்னொரு ஏற்பாடும் தேவை: தும்மலோ இருமலோ வந்தால் கையை உயர்த்துவேன் என்று சொல்லி வையுங்கள். கத்தி முகத்தில் இருக்கும்போது தலையை அசைக்காமல் கையை மட்டும் தூக்கினால் அவர் கத்தியை எடுத்துவிடுவார். எச்சில் விழுங்குவதற்கும் இதே சைகை போதும்.

ஊறுதல்

முழுச் சவரத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தக் கட்டம். வேகம் பார்க்கும் கடைகள் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. காய்ந்த முடி விறைப்பானது. நீரில் ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சி உப்பி, இளகிவிடும். இளகிய முடியை வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. ஆனால் நீர் உள்ளே போக இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் இன்னும் தாமதமாகும். வெந்நீர் இதை விரைவுபடுத்துகிறது. வெந்நீர்த் துண்டின் வேலையே இதுதான். கூடவே வரும் சுகம் இலவசம்.

நடக்க வேண்டிய முறை இப்படி. முதலில் முகம் கழுவப்படும். பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை அவர் தன் முன்கையில் வைத்துச் சூடு பார்ப்பார். பார்க்காமல் நேராக முகத்தில் போடுபவரிடம் 'சூடு அதிகமாக இருக்கிறது' என்று உடனே சொல்லிவிடுங்கள். துண்டின் நடுப்பகுதி மோவாயின் கீழ் அமர, இரு முனைகளும் கன்னங்களின் மேல் ஏறி நெற்றியில் சேரும். மூக்கு மட்டும் திறந்திருக்கும். துண்டு ஆறியதும் எடுத்துவிட்டு, பிரஷ்ஷால் நுரை. ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். எளிதில் முகம் சிவக்கும் தோல்வாகு உள்ளவர்கள் வெதுவெதுப்பான துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதிகச் சூடு சிவப்பை இன்னும் கிளப்பிவிடும்.

நுரையைக் கவனியுங்கள். முகத்தில் பூசியதும் பஞ்சு மாதிரிப் பொங்கி நிற்கும் நுரை பார்க்க அழகு, ஆனால் அதில் காற்றுதான் அதிகம். சவரத்துக்கு உதவும் நுரை ஈரமாக, பளபளப்பாக, கெட்டித் தயிர்ப் பதத்தில் இருக்கும். குமிழிகள் கண்ணுக்குத் தெரியக் கூடாது. பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றித் தேய்ப்பதில் காரணம் உண்டு: படிந்து கிடக்கும் முடி நிமிர்கிறது, இறந்த தோல்செதில் அகல்கிறது, நீர் முடியின் அடிவரை போகிறது. மீசைப் பகுதியிலும் மோவாயிலும் முடி தடிமனாக இருப்பதால் அங்கே நுரை அதிக நேரம் இருக்க வேண்டும். தேர்ந்தவர்கள் அந்த இடங்களுக்கு முதலில் நுரை பூசிவிட்டு, மழிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வார்கள். சிலர் நுரையின் மேல் இரண்டாவது துண்டையும் போட்டெடுத்து, மறுபடி நுரை பூசுவார்கள். அப்படிச் செய்பவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

முதல் சுற்று

பழைய கத்தியாக இருந்தால் இப்போது தோல்வார். வாரை விறைப்பாக இழுத்துப் பிடித்து, கத்தியின் முதுகு முன்னே போக, கூர் பின்னால் இழுபட ஓட்டுவார். முனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே புரட்டித் திரும்புவார். கண்ணுக்குத் தெரியாமல் வளைந்துவிட்ட கூரை இது நேராக்குகிறது. வாரைக் கிருமிநீக்கம் செய்ய முடியாது. ஆகவே தீட்டிய பின் கத்தி மீண்டும் கிருமிநாசினிக்குப் போய் வர வேண்டும். பிளேடு செருகிய கத்திக்கு இந்த வேலை எதுவும் இல்லை.

கத்தி தோலோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இருக்கும். அதைவிட நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும், வெட்டவும் செய்யும். மேலும் படுத்தால் முடியை வெட்டாமல் இழுக்கும். அமெரிக்க முடிதிருத்தல் பயிற்சியில் முகத்தை 14 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கத்தியைப் பிடிக்கும் முறையையும் இழுக்கும் திசையையும் வகுத்துக் கற்றுத் தருகிறார்கள். வலக் கிருதாவின் கீழிருந்து தொடங்குவது அந்த வரிசை. எந்த மரபில் கற்றவராக இருந்தாலும் முதல் சுற்று வாட்டத்தோடுதான் போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே எதிர்வாட்டத்தில் கத்தி போடுபவரைக் கைதூக்கி நிறுத்துங்கள்.

ஆனால் உங்கள் கவனம் கத்திப் பிடித்த கையின் மேல் இருக்க வேண்டியதில்லை. மற்றொரு கையைக் கவனியுங்கள். திறமை அங்கேதான் இருக்கிறது. கிருதாவுக்குப் பக்கத்தில் கட்டைவிரலோ நடுவிரலோ தோலை மேலே இழுத்துப் பிடிக்கும். கத்தி இரண்டங்குலம் இறங்கும். விரல் இடம் மாறும். மறுபடி இழுப்பு, மறுபடி குறுகலான ஓட்டம். விரல் நுனி நுரையில் வழுக்காமல் இருக்கத் துண்டில் துடைத்துக்கொள்வார், அல்லது ஒரு துளி படிகாரத்தைத் தொட்டுக்கொள்வார். தாடை எலும்பின் விளிம்புக்கு வந்ததும், விளிம்பில் இருக்கும் தோலைக் கன்னத்தின் மேல் ஏற்றிச் சமதளமாக்கிவிட்டு மழிப்பார். எலும்பின் மேலேயே கத்தி போவதில்லை. தொண்டையில் குரல்வளை மேட்டையும் இப்படித்தான் கடக்க வேண்டும்: தோலை ஒரு பக்கமாகத் தள்ளி, மேடில்லாத இடத்துக்குக் கொண்டுவந்து மழித்து, மறுபக்கமும் அதேபோல. தோல் இழுபட்டிருப்பதை முகத்தில் உணர முடிகிறவரை பயப்பட எதுவுமில்லை.

காதருகே கத்தி வரும்போது ஒரு மெல்லிய கரகரப்பு கேட்கும். உட்குழிவாகச் சாணை பிடித்த மெல்லிய கத்தியில் இது நன்றாகவே கேட்கும், முடி வெட்டுப்படும் அதிர்வு அது. ஒரே சீராக இருந்தால் எல்லாம் சரி. சத்தத்தோடு இழுப்பும் வலியும் சேர்ந்தால், முடி ஊறவில்லை அல்லது கூர் போய்விட்டது. சொல்லுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. மறுநாள் அந்த இடம்தான் தடித்து நிற்கும்.

இந்த நேரத்தில் உங்கள் பங்கு சிறியது. தலையைச் சாய்மானத்தில் முழுவதுமாக விடுங்கள், தாடையைத் தளர விடுங்கள், பல்லைக் கடிக்காதீர்கள், மூக்கால் மூச்சு விடுங்கள். கன்னத்தை உப்ப வைத்தும் உதட்டைச் சுழித்தும் அவருக்கு உதவுவதாக நினைக்க வேண்டாம். கேட்டால் மட்டும் செய்யுங்கள். மேலுதட்டுக்கு வரும்போது உதட்டைப் பல்லின் மேல் மடித்துக் கீழே இழுக்கச் சொல்லலாம். அவர் மூக்கு நுனியை லேசாகத் தூக்கிப் பிடிப்பார். அந்த அரை நிமிடம் பேச்சு, சிரிப்பு, தலையாட்டல் எதுவும் வேண்டாம்.

நுரை காய்ந்துவிட்ட இடத்தில் கத்தி போகக் கூடாது. பாதி முகம் மழிப்பதற்குள் மறுபாதி உலர்ந்துவிட்டால் மறுபடி பூசச் சொல்லலாம்.

இரண்டாம் சுற்று, அதற்கு மேல்

முதல் சுற்று முடிந்ததும் முகத்தைத் துடைத்து, புதிதாக நுரை பூசி, வாட்டத்துக்குக் குறுக்கே இரண்டாவது முறை போவார்கள். பலருக்கும் இது போதும், போதுமென்று நிறுத்தவும் வேண்டும். மூன்றாவதாக எதிர்வாட்டத்தில் போவது, கையால் தடவினால் எந்தப் பக்கமும் முடியே இல்லாததுபோல் வழுவழுப்பாக்குவதற்காக. அந்த வழுவழுப்பு ஒரு நாள்கூட முழுசாக நிற்காது. அதற்காகத் தோலின் மேற்பரப்பையும் சேர்த்துச் சுரண்டிக் கொடுக்கிறோம் என்பது என் கருத்து. கன்னத்தில் தோல் தடிமனானது, தாங்கும். விருப்பமிருந்தால் அங்கே மட்டும் கேளுங்கள். கழுத்தில் கேட்காதீர்கள். சுருட்டை முடிக்காரர்கள் எங்கேயும் கேட்காதீர்கள்.

விட்டுப்போன ஓரிரு முடிகளுக்காக உலர்ந்த தோலில் கத்தியை ஒற்றி ஒற்றி எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எரிச்சல் பெரும்பாலும் அந்தக் கடைசி நிமிடத்தில்தான் உண்டாகிறது. 'கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் போதும்.

கீறல் விழுந்தால்

நல்ல கையிலும் எப்போதாவது விழும். சுத்தமான பஞ்சை வைத்து இரண்டு மூன்று நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பாதி நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. நிற்காவிட்டால் படிகாரத் தூள், புதிய பஞ்சில் தொட்டு. படிகாரம் இரத்த நுண்குழாய்களைச் சுருங்க வைத்து, அங்குள்ள புரதத்தை உறைய வைக்கிறது. ஒரு நொடி சுரீரென்று எரியும். கத்தியில் உங்கள் இரத்தம் பட்டிருந்தால் அந்தப் பிளேடு அதோடு வெளியேற வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் அழுத்தியும் இரத்தம் நிற்காமல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

முடிவில் செய்ய வேண்டியவை

குளிர்ந்த நீரில் நனைத்த துண்டு முகத்துக்கு இதமாக இருக்கும், சிவப்பும் தணியும். அதன்பின் எது பூசுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஸ்பிரிட் கலந்த, காரமாக எரியும் ஆஃப்டர்ஷேவ் வேண்டாம். எரிச்சல் எடுப்பதால் அது நன்றாக வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை. தோலை உலர்த்துவதுதான் அதன் மிச்ச வேலை. வாசனையில்லாத, ஈரப்பதம் தரும் பாம் போதும். முகத்தைத் துண்டால் தேய்க்காமல் ஒற்றித் துடைக்கச் சொல்லுங்கள். பவுடர் வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

எழுவதற்கு முன் கண்ணாடியில் பாருங்கள். கிருதா இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, காதின் கீழும் மூக்கின் அடியிலும் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று. இருந்தால் அப்போதே கேளுங்கள்.

மறுநாளும் அடுத்த வாரமும்

அன்று முழுவதும் முகத்தில் கை வைக்காமல் இருப்பது நல்லது. வியர்த்துக் கொட்டும் உடற்பயிற்சி, குளோரின் கலந்த நீச்சல்குளம், நெடுநேர வெயில் மூன்றையும் ஒரு நாள் தள்ளி வையுங்கள்; வெளியே போக வேண்டியிருந்தால் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளலாம். நிறுத்தி வைத்த ட்ரெட்டினாயின், அமிலக் களிம்புகளை எரிச்சல் முழுவதும் அடங்கிய பிறகு தொடங்கலாம். தாடியை மறுநாளே மழிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாட்களாவது தோலுக்கு ஓய்வு கொடுங்கள்.

சில மணி நேரத்தில் தணியும் சிவப்பும் லேசான எரிச்சலும் சாதாரணம். இரண்டு மூன்று நாள் கழித்துப் புடைப்புகள் தெரிந்தால், கிள்ளவோ ஊசியால் தோண்டவோ வேண்டாம். வெதுவெதுப்பான ஈரத் துணியை நாளுக்குச் சில முறை ஒற்றி எடுத்தால் பல முடிகள் தாமே வெளியே வந்துவிடும். அதுவரை அந்த இடத்தில் கத்தி படக் கூடாது. சீழ்க் கொப்புளங்கள் பரவினாலோ, வட்டமாகச் செதில் உரிந்து அரித்தாலோ, வலியோடு வீங்கினாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். தாடிப் பகுதியில் வரும் பூஞ்சைத் தொற்றையும் பாக்டீரியாத் தொற்றையும் வெறும் கண்ணால் பிரித்தறிவது கடினம். இரண்டுக்கும் மருந்து வேறு. கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசினால் பூஞ்சை இன்னும் பெருகும்.

எந்த இடம் தடித்தது, எந்த இடம் நன்றாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை முடிந்தவரை அதே நபரிடம் போங்கள். "போன முறை இடக் கழுத்தில் மட்டும் தடித்தது, இந்த முறை அங்கே குறுக்கே போக வேண்டாம்" என்று சொன்னால், அந்த இடத்தில் முடி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று அவர் மறுபடி தடவிப் பார்ப்பார். இரண்டு மூன்று முறைக்குள் உங்கள் கழுத்தின் வாட்டம் அவருக்கு அத்துபடியாகிவிடும்.